ஊதியூர் வழியாக

பல்லடம் வந்ததும் வண்டி வலது பக்கம் திரும்பச் சொன்னது.

நேராகப் போனால் காங்கேயம். அரை மணி நேரத்தில் மண்டபம். இந்துமதிக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய சாலை அது. திரையில் அந்தச் சாலை சாம்பல் நிறத்தில் கிடந்தது. நீலக்கோடு வலது பக்கம் வளைந்து குண்டடம் போய், அங்கிருந்து ஊதியூர் வழியாகப் பின்பக்கமாகக் காங்கேயத்துக்குள் நுழைந்தது.

"எதுக்கு?" என்று கேட்டாள்.

"இதுவே உகந்த வழி," என்றது வண்டி.

அந்தக் குரலுக்கு வீட்டில் டீச்சரம்மா என்று பெயர். அவள் கணவன் தனபால் வைத்தது. எல்லா மின்சாரக் கார்களிலும் இப்போது அதே வரைபடம்தான், அதே குரல்தான். சுத்தமான தமிழில் பதில் வரும். காரணம் வராது.

இந்துமதி நேராகப் போனாள். நூறு அடிகூடப் போகவில்லை. "இவ்வழியில் மின்னிருப்பு போதாது" என்று சொல்லிவிட்டு வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மிதித்தாலும் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. அவள் வண்டியைத் திருப்பினாள்.

குண்டடத்தில் சார்ஜ் ஏற்றாமல் மேலே போக முடியாது என்றது. போனாள். அங்கே ஏற்கனவே நான்கு கார்கள் நின்றன. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் தன் காரை முறைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க போகணுமுங்க?" என்று அவளிடம் கேட்டார்.

"காங்கேயம்."

"நான் பொங்கலூருங்க. பல்லடத்துலிருந்து எட்டிப் பாத்தாத் தெரியற ஊரு. இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்குது. எருமை தேவலைங்க. நாலு போட்டா திரும்பும்."

தனபால் போனில் கூப்பிட்டான். அவன் காலையிலேயே உறவுக்காரர்களோடு பேருந்தில் போயிருந்தான். கோவையில் கல்லூரித் தேர்வுப் பணி இருந்ததால் அவள் மட்டும் பின்னால் வந்தாள்.

"எங்க இருக்கற?"

"குண்டடம்."

"குண்டடத்துல என்ன வேலை உனக்கு?"

"எனக்கு ஒரு வேலையுமில்ல. வண்டிக்கு."

அன்று மாலை அவள் தம்பி நவநீதனுக்கு இணைச்சீர். மறுநாள் முகூர்த்தம். மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் ஒரு சேலையின் இரண்டு நுனிகளைப் பிடித்து நிற்பது அந்தச் சீர். கல்யாணமாகிப் போனாலும் அக்காவை விடமாட்டேன் என்று தம்பி ஊர் முன்னால் சொல்வதாக அர்த்தம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு நவநீதனை வளர்த்தவள் இந்துமதி. அவனுக்கு அப்போது பத்து வயது.

அவள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் சித்தப்பா மகள் நின்றிருந்தாள். அவள் கையில் சேலையின் நுனி இருந்தது. சடங்கை நடத்தும் அருமைக்காரர் கடைசிப் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவர்தான் முறைக்கு வேறொரு சகோதரியை நிறுத்தச் சொன்னாராம்.

நவநீதன் அக்காவைப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

*

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை.

வண்டி சுற்றிவிட்டுவிட்டது என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. மண்டபத்துக்கு முப்பது கார்கள் வந்திருந்தன. எல்லாம் மின்சாரக் கார்கள்தான். எல்லாம் நேரத்துக்கு வந்திருந்தன. "டவுன் பஸ்சுல வந்த நானே வந்துட்டேன்" என்றார் பெரியப்பா.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்தப் பெண் வேண்டாம் என்று இந்துமதி முன்பே சொல்லியிருந்தாள். மிருதுளா ஏதோ கால் சென்டரில் வேலை பார்க்கிறாள், பாதி நாள் இரவு ஷிப்ட், வீட்டில் எப்போது இருப்பாள் என்று கேட்டிருந்தாள். நவநீதன் கேட்கவில்லை. அக்கா வேண்டுமென்றே தாமதமாக வந்து பழிதீர்த்தாள் என்று ஊர் முடிவு செய்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

இந்துமதி காரை வாங்கிய நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். பதில் வராததால் சிங்காநல்லூர் சர்வீஸ் சென்டருக்கு நேரில் போனாள். அன்று வண்டி தன்னைத் திருப்பியது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள்.

கவுண்டரில் இருந்த இளைஞன் பொறுமையாகக் கேட்டான். கழுத்தில் அடையாள அட்டை. ராகுல் பிரசன்னா.

"மேடம், மென்பொருளைப் புதுசா ஏத்திட்டோம். இனி அந்தப் பிரச்சினை வராது."

"இனி வரதப் பத்தி நான் கேக்கல. அன்னிக்கு வந்ததப் பத்திக் கேக்கறேன்."

"டிராபிக் இருந்திருக்கும் மேடம்."

"ஒரு ஈ காக்கா இல்ல அந்த ரோட்ல. எங்க பெரியப்பா அதே நேரத்துல பஸ்ல வந்திருக்கார். காலியா இருந்துதுன்னு சொல்றார்."

அவன் கணினியில் எதையோ தட்டினான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இது எங்களுக்குத் திறக்காதுங்க மேடம்."

"எது?"

"அந்த நாள். உங்க வண்டியோட மத்த நாளெல்லாம் திறக்குது. அந்த ஒரு மணி நேரம் மட்டும் பூட்டியிருக்கு."

"யாரு பூட்டுனது?"

"நாங்க இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "அரசாங்கப் பக்கம் மேடம். என்னன்னு எனக்கும் தெரியாது. மாசத்துக்கு நாலு பேர் இப்படி வந்து கேக்கறாங்க. எல்லாரும் கத்திட்டுப் போவாங்க. நீங்க கத்தல. அதனால சொன்னேன்."

அவளுக்குக் கத்தத் தோன்றியது. அதற்கான நேரம் கடந்துவிட்டது போலிருந்தது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தாள்.

"எங்கே செல்ல விரும்புகிறீர்கள்?" என்றது டீச்சரம்மா.

"நரகத்துக்கு."

"அப்பெயரில் இடம் ஏதும் கிடைக்கவில்லை."

அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

*

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் மணி அடித்தது. தலையில் முக்காடிட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு கையில் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன். மறுகையில் எட்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தை.

"இந்துமதி அக்காங்களா?"

"ஆமா. எண்ணெய் வேணாம்மா, போன வாரம்தான் வாங்கினேன்."

"விக்க வரலீங்க்கா. குடுக்க வந்தேன்."

அவள் பெயர் ரஹ்மத்நிஷா. காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார்கள். குழந்தை ஆபியா. கோவை ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பரிசோதனைக்கு மாதம் ஒருமுறை கூட்டி வருகிறாள். இன்றைக்கு அதை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள்.

இந்துமதி அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். யாரோ விலாசம் மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

"போன வருசம் வைகாசியில இவளக் கண்ணாடி விரியன் கடிச்சிருச்சுங்க்கா. தேங்கா மட்டைக்குள்ள கெடந்திருக்கு. காங்கேயத்துல ஊசி போட்டாங்க. ரத்தம் நிக்கல. கோயமுத்தூருக்குக் கொண்டு போங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள போகணும்னாங்க."

"என்னிக்கு?"

ரஹ்மத் நாளைச் சொன்னாள். இந்துமதி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆம்புலன்ஸ்ல முன்னாடி நான் உக்காந்திருந்தேன். ரோட்டுல ஒரு காரு இல்லீங்க்கா. மறுநாள் பெரிய முகூர்த்தம். முகூர்த்தத்துக்கு மொத நாள் சாயங்காலம் அந்த ரோட்டுல கூட்டம் இல்லாம இருக்குமா? பல்லடம் வரைக்கும் ஒருதரம்கூட பிரேக் போடல. டிரைவர் அண்ணனக் கேட்டேன். கடவுள் ஒதுக்கி விட்டாரான்னு. கடவுள் இல்லம்மா, மேப்புன்னாரு."

"மேப்பா?"

"கார்ல வருதில்லீங்க்கா, அந்த மேப்பு. ஆம்புலன்ஸ் கெளம்பும்போதே அந்த ரோட்டுக்கு வரப்போற காரையெல்லாம் அது வேற பக்கம் திருப்பிருமாம். முந்தறதுக்கு எதிர்ப்பக்கமும் காலியா வேணுமில்லீங்களா, அதனால ரெண்டு பக்கமும். சைரன் கேட்டு ஒதுங்கறதுக்குள்ள ரெண்டு மூணு நிமிசம் போயிருதாம். முன்னாடியே திருப்பிட்டா அந்த நிமிசம் மிச்சம். ஆனா யாருக்கும் காரணம் சொல்லாதாம்."

"ஏன் சொல்லாது?"

"சொன்னா நாம போவமான்னு கேட்டாரு அந்த அண்ணன்."

இந்துமதி எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே அவளுடைய கார் நின்றது. வெள்ளைக் கார். ஒரு வருடமாக அதைத் திட்டாத நாள் இல்லை. மின்சாரம் போதாது என்று அன்று அது சொன்னது பொய். சார்ஜ் ஏற்றச் சொன்னதும் அவளைக் குண்டடத்தில் நிறுத்திவைக்கத்தான்.

"எங்க கல்யாணத்துக்கு வந்த முப்பது காரும்?"

"அதெல்லாம் முன்னாடியே போயிருக்கும். நீங்க வந்த நேரம்தான் எங்க நேரம்."

குழந்தை சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னைக் கேட்டிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன்," என்றாள் இந்துமதி. "ஒரு குழந்தைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அந்த ரோட்டு ஓரத்துலயே நின்னிருப்பேன். என் தம்பிகிட்ட இன்னதுன்னு சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லையே. என் கையில இருந்தத எடுத்து உன் கையில குடுத்துட்டு, எடுத்ததக்கூடச் சொல்லலையே."

"நீங்க ஒதுங்கியிருப்பீங்க்கா," என்றாள் ரஹ்மத். "நான் ஒதுங்கியிருக்க மாட்டேன்."

இந்துமதி திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எங்க கார்ல அந்த மேப்பே கெடையாது. காங்கேயத்துல ஒருத்தர் பிடுங்கிக் குடுப்பாரு. களத்துக்குப் போறதுக்கு மூணு ஊரு சுத்திக் காட்டுதுன்னு எங்க வீட்டுக்காரர் பிடுங்கிப் போட்டுட்டாரு. சந்தோசமா இருந்துச்சு எங்களுக்கு. அன்னிக்கு ஆம்புலன்சுக்குப் பின்னாடி அவர் அந்தக் கார்லதான் வந்தாரு. வழியெல்லாம் அழுதுட்டே வந்தாராம். புள்ளைக்காக மட்டும் இல்ல. இதுவே வேற வீட்டுப் புள்ளையா இருந்து, நாம முன்னாடி போயிட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு."

"இப்ப?"

"மறுபடி மாட்டிட்டோம். இப்பவும் மூணு ஊரு சுத்தித்தான் போறோம்."

அவள் சொன்ன விதத்தில் இந்துமதிக்குச் சிரிப்பு வந்தது. ரஹ்மத்தும் சிரித்தாள். குழந்தை என்னவென்று புரியாமல் தானும் சிரித்தது.

"என் விலாசம் எப்படிக் கெடைச்சுது?"

"அத ஏங்க்கா கேக்கறீங்க. யாரு யாரு ஒதுங்குனாங்கன்னு கேட்டு அந்த ஆபீசுக்கு எத்தனை போன் போட்டேன் தெரியுங்களா. சொல்லவே மாட்டாங்க. அது சட்டமாம். சொன்னா ஒண்ணு சண்டை வரும், இல்லீன்னா பேரம் வருமாம். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஆனா மனசு கேக்கல. மொத்தம் அறுபத்தி மூணு வண்டியாம். அறுபத்தி மூணு பேரு எங்கியோ எம்புள்ளைக்காக லேட்டாப் போயிருக்காங்க, திட்டு வாங்கியிருக்காங்க. அவங்களுக்கே தெரியாது. ஒருத்தரையாவது பாத்தாப் போதும்னு இருந்துச்சு." முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "போன மாசம் ஒரு பொண்ணு கூப்புட்டுச்சு. பேரு சொல்லல. அந்த அறுபத்தி மூணு பேர்ல அதிகமா எழந்தது இவங்கதான், ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டிருந்தாங்க, முடிஞ்சா நேர்ல பாருங்கன்னு உங்க விலாசத்த மட்டும் சொல்லிட்டு வெச்சிருச்சு."

"கல்யாணம்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"அது எனக்குத் தெரியலீங்க்கா."

ரஹ்மத் எழுந்து வந்தாள். இந்துமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். களத்தில் மட்டை உரித்துக் காய்த்த கை.

"நன்றின்னு போன்ல சொல்லி முடிச்சுக்க முடியலீங்க்கா. அதான் இவளையே கூட்டிட்டு வந்தேன். நீங்க பாக்கணும்னு."

இந்துமதி குழந்தையைப் பார்த்தாள். இரட்டைச் சடை. முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருந்தது. ஒரு வருடமாக அவள் ஒரு வரி எழுத்துக்காக அலைந்தாள். அது இப்படி இரட்டைச் சடையோடு வந்து பல்லி பார்க்கும் என்று நினைக்கவில்லை.

"சாப்பிட்டயா கண்ணு?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு இல்லை என்று தலையாட்டியது.

தோசை ஊற்றும்போது இந்துமதி எல்லாவற்றையும் சொன்னாள். சேலை நுனி, சித்தப்பா மகள், தம்பி திருப்பிக்கொண்ட முகம். ரஹ்மத் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உங்க தம்பி வீடு எங்க?"

"காங்கேயம்தான். சென்னிமலை ரோடு."

"எங்க களத்துலிருந்து ரெண்டு கிலோமீட்டருங்க்கா." ரஹ்மத் தட்டைக் கழுவி வைத்தாள். "கெளம்புங்க போலாம். நான் பேசறேன்."

*

அன்று டீச்சரம்மா பல்லடத்தில் நேராகப் போகச் சொன்னாள்.

நவநீதன் வீட்டுக் கதவை மிருதுளா திறந்தாள். இந்துமதியைப் பார்த்ததும் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு கதவை முழுதாகத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. வாங்க. பாப்பா, உள்ள வா."

பின்னால் வந்த ரஹ்மத் வாசற்படியில் நின்றுவிட்டாள். மிருதுளாவின் முகத்தையே பார்த்தாள்.

"இன்னிக்கு ஷிப்ட் இல்லையா உனக்கு?" என்று இந்துமதி கேட்டாள். கேட்பதற்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"வேலைய விட்டுட்டேன் அண்ணி."

உள்ளேயிருந்து நவநீதன் வந்தான். அரிசி ஆலை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். கையில் கிரீஸ் இருந்தது. அக்காவைப் பார்த்தான். நாற்காலியைக் காட்டினான். அது அவளுக்கா ரஹ்மத்துக்கா என்று தெரியவில்லை.

ரஹ்மத் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். பாம்பு, ஊசி, ரத்தம், காலியான சாலை, மேப்பு. எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கடைசியில் குழந்தையை முன்னால் தள்ளினாள்.

"உங்க அக்கா அன்னிக்கு நேரத்துக்கு வராததாலதான் இவ இன்னிக்கு வந்திருக்காளுங்க. அவங்க வேணும்னு பண்ணல. அவங்களுக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

நவநீதன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு குழந்தையிடம் கேட்டான்.

"எந்தக் கால்ல கடிச்சுது?"

ஆபியா வலதுகாலை நீட்டினாள். கணுக்காலுக்கு மேலே தோல் சுருங்கிக் கறுத்திருந்தது. உள்ளங்கை அளவுக்குச் சதை உள்வாங்கியிருந்தது. நவநீதன் குனிந்து பார்த்தான். தொடப் போனவன் கிரீஸ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"வலிக்குதா?"

"ஓடுனாத்தான்."

"அப்ப ஓடாத."

"டெய்லி ஓடுவேன்," என்றாள் ஆபியா.

அவன் நிமிர்ந்தான். யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

இதற்கு மேல் கொண்டுவர இந்துமதியிடம் எதுவும் இல்லை. ரஹ்மத் கிளம்புகிறேன் என்றாள். களத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள், ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன் என்றாள். போகுமுன் சமையலறை வாசலுக்குப் போய் மிருதுளாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள். ஏதோ சொன்னாள். மிருதுளா வேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பது போல.

ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இந்துமதி அவளை வாசல் வரை விட்டாள்.

"என்ன சொன்ன அவகிட்ட?"

"ஒண்ணுமில்லீங்க்கா." செருப்பை மாட்டினாள். கொஞ்சம் தயங்கினாள். "போன்ல ஒருதரம் கேட்டதுதான். ஆனா அந்தக் குரல் மறக்குமா?"

இந்துமதி திரும்பிச் சமையலறைக்குப் போனாள். மிருதுளா அடுப்பில் பால் வைத்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"கால் சென்டர்னா யாரோட கால் எடுப்பீங்க நீங்க?"

மிருதுளா கரண்டியால் பாலைக் கிளறினாள்.

"ஆம்புலன்ஸ் வேணும்னு கூப்புடறவங்களோடது, அண்ணி."

இரண்டு வருடங்களாகத் தெரிந்த பெண். ஒருநாளும் இதை அவள் கேட்டதில்லை.

"வண்டிய அனுப்பறது ஒருத்தர், ரோட்டைக் காலி பண்றது இன்னொருத்தர். நான் ரெண்டும் பாத்திருக்கேன். கல்யாணத்துக்கு லீவுல இருந்தேன். நீங்க குண்டடத்துல நிக்கறீங்கன்னு தனபால் அண்ணன் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். வேலைக்குத் திரும்புனதும் உங்க வண்டி நம்பரப் போட்டுப் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். வீட்டுக்காரர்கிட்டகூட. ஒரு வருசம் பாத்தேன். இவரு உங்க பேச்சு வந்தா எந்திரிச்சுப் போயிருவாரு. எந்திரிச்சுப் போயி மொட்டைமாடியில தனியா உக்காந்திருப்பாரு. அந்தம்மா வேற தெனமும் போன் பண்ணிக் கேட்டுட்டே இருந்தாங்க. ஒரு பக்கம் நன்றி சொல்ல ஆள் தேடறாங்க. இன்னொரு பக்கம் நீங்க. நடுவுல நான் ஒருத்திதான் ரெண்டையும் தெரிஞ்சவ."

"கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"யார் எதத் திறந்து பாத்தாங்கன்னு பதிவாகும் அண்ணி. தெரிஞ்சுதான் பாத்தேன். நடந்தத நானா எழுதிக் குடுத்து ராஜினாமா பண்ணிட்டேன். அவங்க நல்லவங்க, கேஸ் எதுவும் போடல."

"பிடிச்ச வேலையா?"

மிருதுளா அடுப்பைக் குறைத்தாள். ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

இந்துமதி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டாள் என்று அவள் சொன்ன பெண் இப்போது நாள் முழுக்க வீட்டில் இருந்தாள்.

"உன்னை வேண்டாம்னு நான் சொன்னது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அன்னிக்கு மண்டபத்துல நீங்க ஓடி வந்து நின்னீங்க. ஒரு கால்ல செருப்பு இல்ல. யாரும் அதப் பாக்கல. நான் மாடியிலிருந்து பாத்தேன்." மிருதுளா இப்போதுதான் திரும்பினாள். "இவருகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க அண்ணி. நான் செஞ்சேன்னு தெரிஞ்சா, எனக்காக உங்களோட பேசுன மாதிரி ஆயிரும். உங்களுக்காகப் பேசட்டும். அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

நன்றி என்ற சொல் இந்துமதியின் வாய்வரை வந்தது. அது மிகவும் சிறியதாக இருந்தது. ரஹ்மத் ஏன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று இப்போது புரிந்தது. அவளிடம் கூட்டிவர யாரும் இல்லை. அவள் மிருதுளாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள்.

"நீ போய் உக்காரு. காப்பி நான் போடறேன்."

"சர்க்கரை எங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

"சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

காப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நவநீதன் அவளுடைய காரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு நீளமான ஒயர் முற்றத்தைத் தாண்டிக் கார் வரை கிடந்தது. அவன் அதன் முனையை வண்டியில் செருகிக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா?" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"சார்ஜ் கம்மியா இருக்கும்."

"போற வழியில போட்டுக்குவேன்."

"வழியில எதுக்கு. வீட்லயே போட்டுக்கலாம்." அவன் நிமிரவில்லை. "வீட்டு கரண்டு மெதுவாத்தான் ஏறும்க்கா."

அக்கா என்று அவன் சொன்னதை அவள் கவனிக்காதது போல இருந்தாள்.

"எவ்வளவு நேரமாகும்?"

"காலையில ஆயிரும்."

கார்க் கதவு திறந்திருந்தது. உள்ளே திரை எரிந்துகொண்டிருந்தது. இல்லம் செல்லத் தேவையான மின்னிருப்பு உள்ளது, இப்போதே புறப்படலாம் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. பெரிய எழுத்து. அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரியும்.

இந்துமதி உள்ளே கைநீட்டித் திரையை அணைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"சரி, காலையில போறேன்," என்றாள். காப்பியை அவனிடம் நீட்டினாள். "கையத் தொடச்சுட்டு வாங்கு."